எக்ஸ்எம்எல் கையொப்பம்: ஜாவா தோழிகளுக்குச் சில கைக்குறிப்புகள்

பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு யுபிஐயில் காசு கொடுக்கிறோமே, அதற்காக வங்கிகளுக்கும் யுபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும் நடுவே ஓடுகிற எக்ஸ்எம்எல் செய்திகள் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் போகின்றன. இங்கிருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடித்து வைட்ஃபீல்டு பக்கம் போகிற தோழிகள் பலருக்கு இப்படிப்பட்ட சேவைகளை ஜாவாவில் எழுதுவதுதான் அன்றாட வேலை. செய்தியில் வேண்டிய பகுதிகளுக்கு மட்டும் கையொப்பம் போடும்போது நேரத்தையும் காசையும் மிச்சம் பிடிக்க இதோ சில குறிப்புகள்.

1. ஜாவா 6 முதலே எக்ஸ்எம்எல் கையொப்ப வசதி ஜேடிகேயோடு சேர்ந்தே வருகிறது. சாதாரண எக்ஸ்எம்எல் கோப்புக்கு அதுவே போதும். சோப் செய்திக்கு மட்டும் அப்பாச்சியின் டபிள்யூஎஸ்எஸ்4ஜே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம்தான்.

2. எந்தப் பகுதிக்கு என்று சொல்லாமல் விட்டால் டபிள்யூஎஸ்எஸ்4ஜே பாடிக்கு மட்டுமே கையொப்பம் போடும். 'சிக்னேச்சர்பார்ட்ஸ்' அமைப்பில் பாடி, டைம்ஸ்டாம்ப், யாருக்குப் போகிறது என்று சொல்லும் 'டூ' ஹெட்டர் ஆகிய மூன்றையும் அரைப்புள்ளி இட்டு எழுதிவிடுங்கள். டைம்ஸ்டாம்பை விட்டுவிட்டால், பழைய செய்தியில் புது நேரத்தைப் போட்டு யார் வேண்டுமானாலும் திரும்ப அனுப்பிவிடலாம்.

3. சில செய்திகளில் மட்டும் வருகிற ஹெட்டரை இந்த 'சிக்னேச்சர்பார்ட்ஸ்' பட்டியலில் சேர்த்தால், அது வராத நாளில் பிழை வந்து நிற்கும். அதற்கென்றே 'ஆப்ஷனல்' பட்டியல் தனியாக இருக்கிறது, அங்கே போடுங்கள்.

4. டாக்குமெண்ட் பில்டர் ஃபேக்டரியில் நேம்ஸ்பேஸ் அவேர் இயல்பாகவே 'ஃபால்ஸ்'. எழுதத் தொடங்கும்போதே அதை 'ட்ரூ' ஆக்கிவிட்டால் பிற்பாடு பாதி தலைவலி மிச்சம்.

5. 'ஐடி உள்ள எலிமெண்ட் கிடைக்கவில்லை' என்று பிழை வந்தால், சாவியையும் சான்றிதழையும் குடைய வேண்டாம். எந்த ஆட்ரிபியூட் ஐடி என்று டாம் மரத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'செட்ஐடிஆட்ரிபியூட்என்எஸ்' என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும்.

6. ஒரு பகுதியை மட்டும் கையொப்பமிடும்போது எப்போதும் எக்ஸ்க்ளூசிவ் கேனானிக்கலைசேஷனையே தேர்ந்தெடுங்கள். சாதாரண வகையில் வெளி உறையின் நேம்ஸ்பேஸ்களும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். நடுவில் ஒரு சர்வர் உறையை மாற்றினாலே கையொப்பம் உடைந்துவிடும்.

7. கையொப்பம் போட்டபின் செய்தியை அழகாக மடக்கி அடுக்காதீர்கள். கையொப்பமிட்ட பகுதிக்குள் ஓர் இடைவெளி கூடினாலும் அது வேறு செய்திதான். லாக் கோப்பில் படிக்க வசதியாக வேண்டுமென்றால் ஒரு நகல் எடுத்து அதை அடுக்குங்கள்.

8. மிக அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிற குறிப்பு இதுதான். சரிபார்ப்பு தோற்றால், கையொப்ப மதிப்பையும் ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் தனித்தனியே சோதியுங்கள். ரெஃபரன்ஸ் தோற்றால் அந்தப் பகுதியின் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. கையொப்ப மதிப்பு தோற்றால் பெரும்பாலும் சாவி தவறு. உள்ளடக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் 'கேஷ் ரெஃபரன்ஸ்' பண்பை ட்ரூ ஆக்கி, டைஜஸ்டுக்குள் போன பைட்டுகளை அப்படியே கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். அனுப்பியவரிடமும் அதே கோப்பைக் கேட்டு வாங்கி இரண்டையும் டிஃப் பார்த்தால், எங்கே ஓர் இடைவெளி நுழைந்தது என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

9. கையொப்பம் சரி என்று வந்ததும் செய்தியை அப்படியே நம்பிவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துள்ள பக்கத்தைக் கடைசியில் ஒளித்து, முன்னால் வேறு பக்கத்தைச் செருகுவதுபோல, இங்கேயும் கையொப்பமிட்ட பாடியை ஒரு மூலைக்கு நகர்த்திவிட்டுப் புதிய பாடியை முன்னால் வைக்க முடியும். இதை 2005இலேயே ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். 2011இல் அமேசானின் ஈசி2 சேவையிலேயே இப்படிச் செய்ய முடியும் என்று ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். ஆகவே எந்த எலிமெண்டைச் சரிபார்த்தீர்களோ, அதே எலிமெண்டைத்தான் உங்கள் நிரலும் படிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்தச் சோதனைக்காகச் செலவிடும் அரை மணி நேரம் வீண் போகாது.

10. செய்திக்குள்ளேயே வருகிற சான்றிதழை வைத்துச் சரிபார்த்து முடித்துவிட வேண்டாம். எவரும் தன் சான்றிதழைத் தானே செருகி அனுப்பலாம். நீங்கள் நம்பும் சான்றிதழ்களை ட்ரஸ்ட் ஸ்டோரில் வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள்.

11. ஜாவா 17க்கு மாறியதும் பழைய கூட்டாளியின் செய்திகள் திடீரென்று மறுக்கப்பட்டால், முதலில் எஸ்ஹெச்ஏ-1 இருக்கிறதா என்று பாருங்கள். 17இல் அந்த வகைக் கையொப்பம் இயல்பாகவே தடை. தடையைத் தளர்த்துவதைவிட அவர்களை எஸ்ஹெச்ஏ-256க்கு வரச் சொல்வதே நல்லது.

12. சோதனைக்குக் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கத் தேவையே இல்லை. ஜேடிகேயோடு வருகிற கீடூலில் சுய சான்றிதழ் ஒன்று செய்துகொள்ளுங்கள். நிஜப் பயன்பாட்டுக்கு வாங்கும்போது, மத்திய அரசின் சிசிஏ உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கி, காலாவதித் தேதியை அன்றைக்கே காலண்டரில் குறித்துவையுங்கள்.

13. காலையில் ஓடிய சேவை மாலையில் 'செய்தி காலாவதி' என்றால் சர்வர் கடிகாரத்தைப் பாருங்கள். டபிள்யூஎஸ்எஸ்4ஜே இயல்பாக 300 நொடிதான் பொறுக்கும். நேரத்தை எப்போதும் யுடிசியில் எழுதினால் ஐந்தரை மணி நேரக் குழப்பம் வராது.

14. பழகிப் பார்க்க மாதிரிக் கோப்பு வேண்டுமா? ஆதாரின் ஆஃப்லைன் இ-கேஒய்சி எக்ஸ்எம்எல் கோப்பு, ஆதாரை வழங்கும் யுஐடிஏஐயின் கையொப்பத்தோடு, நாலு எழுத்து ரகசியக் குறியீடு போட்ட ஜிப்பாக வரும். அவர்களின் பொதுச் சான்றிதழை வைத்து ஒருமுறை சரிபாருங்கள். பிறகு பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள், எந்த ரெஃபரன்ஸ் தோற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதில் உங்கள் போட்டோவும் முகவரியும் இருப்பதால், பழகி முடித்ததும் ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அழித்துவிடுங்கள்.