பழைய கிதாருக்கு இத்தனை விலையா? - ஒரு மல்டிமீட்டர் சொன்ன பதில்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "டிரான்ஸ்பார்மர் பற்றி எழுதேன்" என்றார்கள். டிரான்ஸ்பார்மர் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை வைத்து, பாராடே விதியைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

என் பெரியப்பா மகன் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் மெல்லிசைக் கச்சேரி செய்யும் ஒரு குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய் தம்பி, நீ கரண்டு சம்பந்தமாத்தானே படிக்கிற? வெளியூர்ல ஒரு வியாபாரிகிட்ட பழைய பாரின் கிதார் இருக்கு. எண்பதாயிரம் சொல்றாரு. பழசாச்சே, நாதம் தனியா இருக்குமாம். வருஷத்துக்கு வருஷம் விலையும் ஏறுமாம். வாங்கலாமா, நீயே சொல்லு" என்றார். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். பெரியம்மாவின் சங்கிலியை அடகு வைப்பதாக ஏற்பாடு.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். படித்தவன் என்று என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. தப்பாகச் சொன்னால் போவது பெரியம்மாவின் சங்கிலி. "யோசிச்சுச் சொல்றேண்ணா" என்று சொல்லிவிட்டு லேபுக்கு ஓடினேன்.

கிதாருக்குள் என்ன இருக்கிறது?

எலெக்ட்ரிக் கிதாரின் உயிர் 'பிக்கப்' என்னும் சின்னப் பெட்டி. அதற்குள் காந்தம் இருக்கும். பெரும்பாலும் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ காந்தம். அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய, 42 கேஜ் எனாமல் செம்புக் கம்பி, சுமார் 8,000 சுற்று. மேலே உள்ள எஃகுத் தந்தி அதிரும்போது காயிலின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் மின்னழுத்தம் தூண்டப்படும். பாராடே விதி அவ்வளவுதான்! அந்தச் சிறு மின்னழுத்தம்தான் ஆம்பிளிபயருக்குப் போய் பெரிய சத்தமாகிறது. நைலான் தந்தி கட்டினால் இந்தப் பிக்கப்பிலிருந்து ஒரு சத்தமும் வராது.

தஞ்சாவூர் வீணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீணையில் பலாமரக் குடமே அதிர்ந்து காற்றில் சத்தம் போடுகிறது. அங்கே மரம்தான் குரல். எலெக்ட்ரிக் கிதாரில் ஆம்பிளிபயருக்குப் போவது மரத்தின் சத்தம் இல்லை, காயிலின் மின்னழுத்தம். தந்தி எப்படி அதிர்கிறது என்பதில் மரத்துக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் "பழைய மரம், அதனால் பெரிய நாதம்" என்ற பேச்சு வீணைக்குப் பொருந்துகிற அளவுக்கு இதற்குப் பொருந்தாது.

விலை ஏறிய கதை

இந்தப் பழைய கிதார்களை அந்தக் காலத்தில் செய்தது யார்? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் புல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ பெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! கழுத்துப் பகுதியை நாலு ஸ்குரூ போட்டு உடலோடு முடுக்கும்படி, தொழிற்சாலையில் சுலபமாகச் செய்யும்படி வடிவமைத்தார். 1954-ல் வந்த அவருடைய ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரின் விலை 249.50 டாலர். 1965-ல் கம்பெனியை 130 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றுவிட்டார். அதற்கு முன் செய்தவை உயர்ந்தவை, பின் செய்தவை மட்டம் என்று சேகரிப்பாளர்கள் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள்.

கிப்சன் கம்பெனியின் கதை இன்னும் வேடிக்கை. 1958 முதல் 1960 வரை வந்த லெஸ் பால் ஸ்டாண்டர்டு கிதார்கள் மொத்தமே சுமார் 1,500 என்று சொல்வார்கள். சரியாக விற்காததால் அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டார்கள். 1966-ல் எரிக் கிளாப்டன் அப்படி ஒரு கிதாரில் வாசித்த இசைத்தட்டு வெளிவந்தது. எல்லோரும் அதையே தேட ஆரம்பித்தார்கள். 1968-ல் கம்பெனி மறுபடியும் லெஸ் பால் செய்யத் தொடங்கியது. அன்று விலை போகாத சரக்கு இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது. நடுவில் கிதாரின் சர்க்யூட்டில் ஒன்றும் மாறவில்லை. கேட்டவர்களின் ஆசைதான் மாறியது.

இன்னொரு உதாரணம். பிங்க் பிளாய்டு குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 2019-ல் நியூயார்க்கில் ஏலம் போனது. தொகை 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர்! அது 1969-ல் செய்தது. அதாவது 'மட்டம்' என்று கோடு போட்ட காலத்துக் கிதார். போதாததற்கு கழுத்து, பிக்கப் எல்லாம் பலமுறை மாற்றப்பட்டது. அப்படியானால் அந்த விலை எதற்கு? வாசித்த கைக்கு, கேட்டவர்களின் ஞாபகத்துக்கு.

பழசுக்கு நியாயமான காரணம் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. கையால் சுற்றிய காயில்களில் சுற்றுகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதனால் சில கிதார்கள் உண்மையிலேயே அருமையாக அமைந்தன, சில அமையவில்லை. அன்று பயன்படுத்திய பிரேசில் ஈட்டி மரம் 1992 முதல் உலக வர்த்தகத்தில் தடைப் பட்டியலில் உள்ளது. அதே மாதிரி மரம் இன்று சுலபத்தில் கிடைக்காது. (நம் தென்னிந்திய ஈட்டி மரம்தான் பல கம்பெனிகளில் அந்த இடத்தைப் பிடித்தது.) எண்ணிக்கை குறைவு என்பதும் உண்மை. ஆனால் அரிதாக இருப்பது வேறு, நன்றாக ஒலிப்பது வேறு.

கண்ணைக் கட்டிக் கேட்டால்?

வயலினில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களிடம் மூன்று புது வயலின், மூன்று பழைய இத்தாலிய வயலின் கொடுத்தார்கள். பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி. எது எதுவென்று தெரியாதிருக்க வெல்டிங் கண்ணாடி போட்டுவிட்டார்கள், நம் ஒர்க்‌ஷாப்பில் போடுவோமே, அந்த மாதிரி! பெரும்பாலானவர்களுக்குப் புதுசா பழசா என்று சொல்லத் தெரியவில்லை. அதிகம் பேருக்குப் பிடித்ததும் புது வயலின்தான். இந்த முடிவு 2012-ல் வெளிவந்தது.

இதைப் படித்ததும் எனக்குத் தைரியம் வந்தது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு, அண்ணனோடும் குழுவில் வாசிக்கும் இன்னொரு அண்ணனோடும் அந்த வியாபாரி கடைக்குப் போனேன்.

மீட்டர் சொன்னது

நண்பர்களே, இதை நீங்களும் செய்யலாம். கிதாரைப் பிரிக்கவே வேண்டாம். ஒயரைக் கிதாரில் சொருகி, வால்யூமை முழுசாக வைத்து, மறுமுனையில் ஓம் மீட்டரை வையுங்கள். செலக்டர் சுவிட்சை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இந்த வகைப் பிக்கப்புக்கு 6 கிலோ ஓம் பக்கத்தில் வரவேண்டும்.

முதல் பிக்கப் 5.9. இரண்டாவது 5.8. மூன்றாவது 250 கிலோ ஓம்!

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. வால்யூம் கன்ட்ரோலின் மதிப்பே 250 கிலோ ஓம். அது பிக்கப்புக்கு இணையாக, பேரலலாக இருக்கிறது. மீட்டர் அதை மட்டும் காட்டுகிறது என்றால் அந்தக் காயில் அறுந்துபோயிருக்கிறது. எண்பதாயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊமை! அண்ணனின் சொந்தக் கிதாரையும் பார்த்தேன். மூன்றும் 6-ஐ ஒட்டியே இருந்தன.

மின்தடை மட்டுமே நாதத்தைச் சொல்லிவிடாது. இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ் எல்லாம் உண்டு. அதனால் காதுக்கும் பரீட்சை வைத்தோம். அண்ணனைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். மற்ற அண்ணன் ஒரே ஆம்பிளிபயரில் இரண்டு கிதாரையும் மாற்றி மாற்றி வாசித்தார். பத்துத் தடவையில் ஏழு தடவை அண்ணன் தன் சொந்தக் கிதாரையே, "இதுதான்டா பழசு, என்னா நாதம்!" என்றார். பத்துத் தடவை என்பது பெரிய ஆராய்ச்சி இல்லைதான். ஆனால் சங்கிலி வைத்து வாங்கப்போகிறவருக்கு அது போதும்.

வியாபாரி உடனே விலையை ஐம்பதாயிரமாகக் குறைத்தார். அண்ணன் முகத்தில் மறுபடி ஆசை தெரிந்தது. "வேண்டாம்ணா" என்று சொல்லும்போது என் குரல் நடுங்கியது. ஒரு வாரம் அண்ணன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவராகவே கிதாரைக் கொண்டு வந்தார். வால்யூம் கன்ட்ரோல், ஜாக் இரண்டையும் மாற்றி, நானே ஈயம் வைத்துக் கொடுத்தேன். புதுத் தந்தியும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. கரகரப்பு போய்விட்டது. ஆடித் திருவிழாக் கச்சேரியில் பெரியம்மா முன்வரிசையில் சங்கிலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோட்டையும் கல்குவாரியும்

மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று முதலில் பேசியவர்கள் உண்டு. அவர் எட்டுத் தந்திக் கருவியை ஐந்து தந்தியாக மாற்றி வாசித்து, சபாக்களைத் தன் பக்கம் திருப்பினார். 2014-ல் 45 வயதிலேயே மறைந்தாலும், அந்தக் கருவிக்கு மேடையில் அவர் வாங்கிக் கொடுத்த மதிப்பு நிற்கிறது. அது பழமையால் வந்த மதிப்பு இல்லை, விரலால் வந்தது.

அப்படியானால் பழைய பொருளுக்கு மதிப்பே கிடையாதா? நம் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? ராஜகிரிக் கோட்டையில் இருப்பதும் கருங்கல்தான், குவாரியில் லாரி லாரியாக ஏறுவதும் கருங்கல்தான். ஆனால் 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையும் சேர்ந்துதான் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. தேசிங்கு ராஜன் 1714-ல் போரில் மாண்ட கதையை இன்றும் நம் ஊரில் சொல்கிறார்கள். அந்தக் கதைக்கு விலையே கிடையாது. ஆனால் தேசிங்கு நின்றதால் அந்தக் கல்லின் அழுத்த வலிமை கூடிவிட்டது என்று சிவில் பிரிவு நண்பர்கள் யாராவது எழுதினால் மார்க் கிடைக்குமா?

பழைய கிதாரும் அப்படித்தான். வரலாற்றுக்காக, ஆசைக்காக வசதி உள்ளவர் விலை கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் கதைக்குக் கொடுக்கும் காசை நாதத்துக்குக் கொடுப்பதாக நம்பி ஏமாறக் கூடாது. யார் சொன்னாலும் உண்மையைத் தேடிப் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். நம் கையில் அதற்கு ஒரு மல்டிமீட்டரும் இருக்கிறது.

அண்ணன் இப்போதும், "ஒரு நாள் வாங்கத்தான் போறேன் பாரு" என்கிறார். "வாங்குண்ணா, மீட்டரோட நானும் வரேன்" என்று சொல்லியிருக்கிறேன்.



- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு