ஓரம் நெளிந்தால் பிரித்துவிடாதீர்கள்

குரோஷே பின்னல் பழகுபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்து பார்ப்பது, தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் சிறிய வட்ட விரிப்பு. ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்கண்டு, அரை மணி நேரம் இருந்தால் போதும். ரயிலில் உட்கார்ந்துகொண்டும் பின்னலாம், மருந்தகத்தில் எண்ணை அழைக்கும்வரை காத்திருக்கும்போதும் பின்னலாம். நடுவில் ஆறு கண்ணிகளுடன் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே வருவார்கள். நான்கைந்து சுற்றுகள் ஆனதும் சிலருடைய விரிப்பு தட்டையாகக் கிடக்கும். சிலருடையது கிண்ணம்போல் குழிந்துவிடும். வேறு சிலருக்கு ஓரம் சாலாட் இலைபோல் நெளிந்து மேலும் கீழுமாக ஆடும். "எனக்குக் கை வரவில்லை" என்று அலுத்துக்கொண்டு அத்தனையையும் பிரித்துவிடுவார்கள்.

குறை கையில் இல்லை. தட்டையா, கிண்ணமா, நெளிவா என்பதை முடிவுசெய்வது ஒரே ஓர் எண். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கண்ணிகளைக் கூடுதலாகச் சேர்க்கிறோம் என்பதே அது. இந்த எண்ணைப் பின்தொடர்ந்து போனால், கணித மேதைகளை இரண்டாயிரம் ஆண்டுகள் திணறடித்த ஒரு கேள்வியில் போய் நிற்போம்.

ஆறு எங்கிருந்து வந்தது?

முதலில் தட்டையான விரிப்பைப் பார்ப்போம். சிங்கிள் குரோஷே முறையில் ஒரு கண்ணி ஏறக்குறைய சதுரமாக இருக்கும். அதன் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே. (அமெரிக்கப் புத்தகங்களில் சிங்கிள் என்று இருப்பதே பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் குரோஷே. எந்த ஊர்க் குறிப்பு என்று பார்க்காமல் தொடங்கினால் கணக்கு முழுவதும் தப்பும்.)

ஒரு சுற்று முடியும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரத்துக்குக் கூடுகிறது. வட்டத்தின் சுற்றளவு, ஆரத்தைப்போல் 2 x 3.14 மடங்கு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆகவே ஆரம் 1 கூடினால் சுற்றளவு 6.28 கூடவேண்டும். வட்டம் சிறியதா பெரியதா என்பது ஒரு பொருட்டே இல்லை. இரண்டாம் சுற்றிலும் 6.28 தான், இருபதாம் சுற்றிலும் 6.28 தான். 0.28 கண்ணி என்று ஒன்றைப் பின்ன முடியாது. அந்தச் சிறு குறையை நூலின் நெகிழ்வு சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் 6, 12, 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டும்படி எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. கண்ணி இரண்டு மடங்கு உயரமாக இருக்கும் பின்னலில் பன்னிரண்டாகக் கூட்டச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

கணக்கே வராது என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ பேர், தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபடியே இந்தக் கணக்கை விரலால் சரியாகப் போடுகிறார்கள். வகுப்பறையில் யாரும் அதைக் கணக்கு என்று அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆறைவிடக் குறைவாகக் கூட்டினால் சுற்றளவு போதாமல் ஓரம் உள்ளே இழுக்கப்படும். விரிப்பு கிண்ணமாகும், இன்னும் குறைத்துக்கொண்டே போனால் பந்தாக மூடிக்கொள்ளும். அமிகுருமி எனப்படும் குட்டிப் பொம்மைகளின் தலையும் வயிறும் இப்படித்தான் உருவாகின்றன. இப்படி உருண்ட பரப்பில் தட்டைத் தளத்தின் விதிகள் செல்லாது. நிலநடுக்கோட்டில் ஓரிடத்திலிருந்து நேராக வடதுருவம் செல்லுங்கள். அங்கே செங்கோணமாகத் திரும்பி மீண்டும் நிலநடுக்கோட்டுக்கு இறங்கி, அந்தக் கோட்டின் வழியே தொடங்கிய இடத்துக்கு வந்து சேருங்கள். நீங்கள் சுற்றி வந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் 90 பாகை. கூட்டினால் 180 அல்ல, 270.

கூடிப்போனால் என்ன ஆகும்?

சுவை இங்கேதான் இருக்கிறது. இந்த முறை ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கண்ணிகள் பின்னுங்கள். அதாவது சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு: 6, 12, 24, 48, 96, 192. நூல் வண்ணத்தைச் சுற்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் வளர்ச்சியின் வேகம் கண்ணுக்குத் தெரியும். சிவப்பில் தொடங்கி, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என மாற்றி, ஆறாம் சுற்றை வெள்ளையில் பின்னியதாக வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து சுற்றுகளையும் கூட்டினால் 186 கண்ணிகள். வெள்ளை மட்டுமே 192. ஐந்து நிறங்களும் சேர்ந்து தின்ற நூலைவிட ஆறாவது நிறம் ஒன்றே அதிகம் தின்றுவிட்டது! மேசையில் வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிவப்பையும் மஞ்சளையும் தேடத்தான் வேண்டும்.

பத்தாம் சுற்றுவரை பின்னினால் கடைசிச் சுற்றில் மட்டும் 3,072 கண்ணிகள். தட்டை விரிப்பில் அதே பத்தாம் சுற்றுக்கு 60 போதும். ஒரு கண்ணி அரை சென்டிமீட்டர் என்று கொண்டால், இரண்டுக்கும் நடுவிலிருந்து ஓரம்வரை உள்ள தூரம் ஒன்றே: 5 சென்டிமீட்டர். ஆனால் தட்டை விரிப்பின் ஓரம் 30 சென்டிமீட்டர். மற்றதன் ஓரம் 15 மீட்டருக்கு மேல். உள்ளங்கைக்குள் அடங்கும் பொருளின் ஓரத்தில் 15 மீட்டர்! அத்தனை நீளத்துக்குத் தட்டைத் தளத்தில் இடம் இல்லை. அதனால்தான் அது மேலும் கீழும் மடிந்து இடம் தேடுகிறது. நாம் நெளிவு என்று நினைத்தது, இடம் போதாத ஓரம் தனக்குக் கண்டுபிடித்துக்கொண்ட வழி.

இப்படிச் சுற்றுக்குச் சுற்று ஒரே விகிதத்தில் பெருகும் பரப்புக்குக் கணிதத்தில் ஹைப்பர்போலிக் தளம் என்று பெயர்.

தந்தை தடுத்த ஆய்வு

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் வகுத்த வடிவியலில் ஓர் அடிப்படைக் கூற்று மட்டும் மற்றவற்றைப்போல் எளிமையாக இல்லை. ஒரு நேர்கோடும் அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருந்தால், அந்தப் புள்ளி வழியாக முதல் கோட்டைச் சந்திக்காமல் செல்லும் கோடு ஒன்றே ஒன்றுதான் என்பது அதன் சாரம். இதை மற்றக் கூற்றுகளிலிருந்து நிரூபிக்க நூற்றாண்டுக் கணக்கில் பலர் முயன்று தோற்றார்கள். ஹங்கேரியின் ஃபார்க்காஷ் பொயாய் அவர்களில் ஒருவர். தம் மகன் யானோஷும் அதே கேள்வியில் இறங்கியதை அறிந்து, வாழ்க்கை வீணாகிவிடும், விட்டுவிடு என்று கடிதம் எழுதினார். மகன் கேட்கவில்லை. அப்படிச் சந்திக்காத கோடுகள் பல உண்டு என்று வைத்துக்கொண்டாலும் முரண்பாடில்லாத ஒரு முழு வடிவியல் கிடைக்கிறது என்று அவர் கண்டார். அது 1832இல் தந்தையின் நூலுக்குப் பின்னிணைப்பாக வெளிவந்தது. ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்.

தாளில் எழுதியாயிற்று. கையில் பிடித்துப் பார்ப்பது எப்படி? காகிதத் துண்டுகளை ஒட்டி 19ஆம் நூற்றாண்டிலேயே மாதிரிகள் செய்தார்கள். 1970களில் அமெரிக்கக் கணித அறிஞர் வில்லியம் தர்ஸ்டன் காகித வளையங்களை ஒட்டும் எளிய முறையைச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் காகிதம் கிழியும், கசங்கும். மாணவர் கையில் கொடுத்தால் அதிக நாள் தாங்காது.

1997இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை நடத்த வேண்டியிருந்தவர் டைனா டைமினா. லாட்வியாவின் ரீகா நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஊசியும் நூலும் பழகியவர். நைந்துபோன காகித மாதிரியைப் பார்த்ததும், கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனால் இதை நூலில் செய்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. பின்னினார். கிழியாத, மடிக்கக்கூடிய மாதிரி கிடைத்தது. இதைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு இரண்டு பரிசுகள்: ஒன்று, விசித்திரமான புத்தகத் தலைப்புக்கு பிரிட்டனில் வழங்கும் டயகிராம் பரிசு, மற்றது, அமெரிக்கக் கணிதச் சங்கம் 2012இல் வழங்கிய ஆய்லர் நூல் பரிசு. இரண்டையும் வாங்கிய வேறு எழுத்தாளர் இருந்தால் வியப்புதான்.

கோழிக்கொண்டையும் பவளமும்

மனிதர் தாமதமாகக் கண்டுகொண்ட இந்த வடிவம் பூக்கடையில் எப்போதும் கிடக்கிறது. கோழிக்கொண்டைப் பூவின் மடிப்புகளைப் பாருங்கள். சாலாட் இலையின் ஓரத்தைப் பாருங்கள். நடுப்பகுதியைவிட ஓரம் வேகமாக வளர்ந்தால் இலையிலும் அதே இடநெருக்கடிதான். 2000களின் தொடக்கத்தில் ஏரன் ஷரோன், மைக்கேல் மார்டர், ஹாரி சுவின்னி ஆகியோர் இதைச் சோதித்தார்கள். தட்டையாக வளரும் கத்தரி இலையின் ஓரத்தில் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தடவினார்கள். அந்த ஓரம் நெளிந்தது. பிளாஸ்டிக் பையைக் கிழித்தால், இழுபட்டு நீண்ட கிழிசல் ஓரமும் அப்படியே நெளிவதை அவர்கள் அளந்து காட்டினார்கள். இந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். சமையலறையில் உள்ள குப்பைப் பை ஒன்று போதும்.

கடலுக்கு அடியில் இந்த வடிவத்துக்கு ஒரு பயனும் உண்டு. நெளிந்த பரப்பு, சிறிய இடத்துக்குள் மிகுதியான மேற்பரப்பைத் தருகிறது. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்து உண்ணும் பவளத்துக்கு மேற்பரப்புதான் வாழ்வாதாரம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் வளர்ந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் டைமினாவின் முறையைப் பார்த்து, 2005இல் நூலால் ஒரு பவளத்திட்டையே பின்னத் தொடங்கினார்கள். தங்கள் ஊர்க் கடலின் பெரும் பவளத்திட்டு வெளிறிவருகிறதே என்ற கவலைதான் தூண்டுதல். கூட்டும் விகிதத்தை வேண்டுமென்றே சீரற்றதாக ஆக்கியபோது, பின்னல்கள் இன்னும் உயிருள்ளவைபோல் தோன்றின. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் பின்னிய அந்தத் திட்டு 2019 வெனிஸ் பியன்னாலேவிலும் இடம்பெற்றது.

கவலைக்குக் காரணம் குறையவில்லை. கடல் சூடேறினால் பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். கடையில் நாம் வாங்கும் பளிச்சென்ற அக்ரிலிக் நூலும் பிளாஸ்டிக் இழைதான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; துவைக்கும்போது நுண்ணிழைகள் உதிர்ந்து நீரில் கலக்கும். அடிக்கடி துவைக்கும் பொருளுக்குப் பருத்தி நூலையும், அலமாரியில் வைக்கும் மாதிரிக்கு ஏற்கெனவே வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அக்ரிலிக் துண்டுகளையும் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

நீங்களே செய்து பாருங்கள்

இரட்டிப்பு மாதிரி அழகாக இருக்கும், ஆனால் மடித்துப் பார்க்க வசதிப்படாது. வடிவியல் பார்ப்பதற்கு மெதுவாகப் பெருகும் மாதிரியே நல்லது. 25 சங்கிலிக் கண்ணிகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு கண்ணிகளைச் சாதாரணமாகப் பின்னி, ஐந்தாவதில் மட்டும் இரண்டு பின்னுங்கள். 25 என்பது 30 ஆகும், பிறகு 36, பிறகு 43. பதினைந்து முறை இப்படிப் பெருகினால் ஏறக்குறைய 385. நெகிழ்வு குறைந்த நூலில் இறுக்கமாகப் பின்னினால்தான் வடிவம் நிற்கும். இடையில் எண்ணிக்கை ஒன்றிரண்டு தப்பினால் கவலை வேண்டாம். பவளமும் எண்ணிக்கொண்டு வளர்வதில்லை.

பின்னி முடித்ததும், காகிதத்தை மடிப்பதுபோல் பின்னலை மடியுங்கள். மடிப்புதான் இந்தப் பரப்பில் நேர்கோடு. அதன்மேல் வேறு நிற நூலால் ஓட்டுத்தையல் போட்டு அடையாளம் வையுங்கள். அந்தக் கோட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு புள்ளியைத் தேர்ந்து, அதன் வழியாக வெவ்வேறு திசையில் இரண்டு மூன்று மடிப்புகள் போட்டு, ஒவ்வொன்றையும் வேறு நிறத்தில் தையுங்கள். இப்போது விரித்துப் பார்த்தால், ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும் அந்தக் கோடுகள் முதல் கோட்டைச் சந்திக்காமல் விலகிப் போவது தெரியும். அடுத்ததாக மூன்று மடிப்புகளால் ஒரு பெரிய முக்கோணம் தைத்து, அதன் மூன்று முனைகளையும் கோணமானியால் அளந்து கூட்டுங்கள். 180 வராது. முக்கோணத்தைப் பெரிதாக்க ஆக்க, அது இன்னும் குறையும்.