கணக்கு இடிக்கும்போது

அன்புள்ள தம்பிக்கு,

அயோர்டிக் வால்வு சுருங்கியவர்களின் எக்கோவில் கணக்கு இடித்தால் நீ உடனே சிடிக்கு எழுதிவிடுகிறாய் என்று கேள்விப்பட்டேன். சிடி நல்ல துணைதான். ஆனால் அதற்கு முன் உன் கையிலேயே வேலை மிச்சமிருக்கிறது.

வால்வின் பரப்பு 0.8 சதுர செ.மீ.; தீவிரச் சுருக்கம். சராசரி கிரேடியன்ட்டோ 28 மி.மீ. பாதரசம்தான். தீவிரமென்றால் குறைந்தது 40 இருந்திருக்க வேண்டும். எதை நம்புவது? முதலில் உன் அளவைச் சந்தேகப்படு. வால்வுக்குக் கீழே ரத்தம் வெளியேறும் பாதையை வட்டம் என்று வைத்துக்கொண்டு அதன் விட்டத்தை வர்க்கப்படுத்துகிறோம். 20 மி.மீ. பாதையை 18 என்று அளந்தால் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிதமான நோய் காகிதத்தில் தீவிரமாகிவிடும். பலருக்கு அந்தப் பாதை நீள்வட்டம் வேறு. படத்தைப் பெரிதாக்கி, சில துடிப்புகளில் திரும்பத் திரும்ப அளந்து பார்.

பிறகு நோயாளியை வலப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, படம் காட்டாத அந்தப் பென்சில் புரோபை மார்பெலும்பின் வலது ஓரத்தில் வைத்துத் தேடு. இதய நுனியிலிருந்து வினாடிக்கு 3.6 மீட்டர் காட்டிய வேகம் அங்கே 4-ஐத் தாண்டுவதுண்டு. அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். ரத்த அழுத்தம் எகிறியிருந்தால் அது தணிந்தபின் மறுபடி எடு.

இதற்குப் பிறகும் இடித்தால்தான் அடுத்த படி. இதயம் பலவீனமாக இருந்தால் டோபுடமின் கொடுத்து எக்கோ பார்க்கலாம். இதயம் நன்றாகச் சுருங்கியும் ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் உடல்பரப்பின் சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால், வால்வின் கால்சியத்தை சிடியில் எண்ணச் சொல். சாய ஊசி வேண்டாம். சிறுநீரகம் கெட்டவருக்கும் எடுக்கலாம். அந்தக் கால்சிய எண் ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 தாண்டினால் தீவிரம் என்றே கருது. பெண்களின் வால்வு சுண்ணாம்பு குறைந்தும் நார்த்திசுவால் இறுகிவிடும். 1400 வந்த ஒரு பாட்டியை ஆணின் அளவுகோலால் அளந்து வீட்டுக்கு அனுப்பிவிடாதே. ருமாட்டிக் காய்ச்சலில் ஒட்டிப்போன வால்வு என்றால் இந்த எண்ணை நம்பவே நம்பாதே. நம் நாட்டில் அது இன்னும் வருகிறது.

சீட்டில் வெறுமனே ‘கால்சியம் ஸ்கோர்’ என்று எழுதினால் கரோனரிக் குழாய்களின் கணக்குதான் திரும்பி வரும். ‘அயோர்டிக் வால்வு’ என்று தெளிவாக எழுது. வந்த படத்தை நீயே திறந்து, மைட்ரல் வளையத்தின் சுண்ணாம்பும் தமனிச் சுவரின் சுண்ணாம்பும் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பார்.

அன்புடன்,
அண்ணன்