சிவப்பு ஒயினும் இதயமும்: கலையும் ஒரு கதை

நம்பிக்கை: தினமும் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது.

1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி கிளப்பிவிட்ட பேச்சு இது. வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, ஏன்? சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றார் ஆய்வாளர் செர்ஜ் ரெனோ. அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை மளமளவென ஏறியது. குடிப்பவர்களுக்கு இதைவிட இனிப்பான மருத்துவச் செய்தி வேறென்ன வேண்டும்?

உண்மை: இதை ஆதரித்த பல ஆய்வுகளில் கணக்கே கோணல். உடம்பு கெட்டுக் குடியை விட்டவர்களையும் ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நிறுத்தினால் அளவாகக் குடிப்பவர் திடகாத்திரமாகத்தானே தெரிவார்? போதாததற்கு, அளவாக ஒயின் அருந்துவோரில் பலர் வசதியானவர்கள். நல்ல சாப்பாடும் வைத்தியமும் அவர்களுக்குக் கிடைத்துவிடுகின்றன. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் என்ற பொருளைச் சிலர் இன்னும் விடவில்லை. ஒயினில் அது லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஆய்வுக்கூட எலிகளுக்குக் கொடுத்த அளவைப் பாட்டிலிலிருந்து எடுக்க நினைத்தால், இதயத்துக்கு முன்னால் கல்லீரல் கைவிரித்துவிடும்.

இதயம் பற்றிய வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. புற்றுநோய் விஷயத்தில் அப்படி இழுபறி கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மது பாட்டில்களில் புற்றுநோய் எச்சரிக்கை வேண்டும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்காவின் அப்போதைய சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி கேட்டார்.

நம்பிக்கை: ஒயின் உற்பத்தி 60 ஆண்டுகளில் இல்லாத அளவு சரிந்துவிட்டது, இனி தட்டுப்பாடுதான்.

உண்மை: பாதிதான் சரி. 2024இல் வானிலை கெடுத்ததில் உலக உற்பத்தி சுமார் 2,260 கோடி லிட்டராகக் குறைந்தது. ஆனால் குடித்ததோ சுமார் 2,140 கோடி. அதுவும் 1961க்குப் பிறகு மிகக் குறைவு. இளைஞர்கள் மாறிவிட்டார்கள் என்று வியாபாரிகள் புலம்புகிறார்கள். ஆனால் பிரான்ஸில் தலைக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஓடிய 1960களிலிருந்தே குடி இறங்குமுகம்தான். அன்று குடியைக் குறைக்கத் தொடங்கியவர்கள் இன்றைய இளைஞர்களின் தாத்தா பாட்டிகள். 2023இல் தேங்கிய ஒயினைக் காய்ச்சித் தொழிற்சாலை ஆல்கஹால் ஆக்குவதற்குப் பிரெஞ்சு அரசு 20 கோடி யூரோ ஒதுக்கியது. பிரெஞ்சு ஒயின் பகுதியான போர்தோவில் திராட்சைக் கொடிகளை வேரோடு பிடுங்க உதவித்தொகையே கொடுக்கிறார்கள்.

நம்பிக்கை: தக்கை போட்டதுதான் உயர்ந்த ஒயின், திருகு மூடி மலிவுச் சரக்கு.

உண்மை: ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினின் தயாரிப்பாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே ஒன்றுசேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள். சிக்கனம் பார்த்து அல்ல. தக்கையிலிருந்து ஏறும் நனைந்த அட்டை வாடை ஒயினையே பாழாக்கியதால்.