எண்ணெய் குடிக்கும் இஞ்சினும் உத்தரவாதச் சீட்டும்

காஞ்சியில் நமது நெசவாளர் அங்கத்தினர்கள் சங்கத்திலிருந்து பட்டு வாங்கும் முறை யாவரும் அறிந்ததே. பாவும் ஊடையும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. சேலையாகத் திரும்பும்போதும் நிறுக்கப்படுகின்றன. இரு எடைகளும் கணக்கில் ஏறுவதால் சேதாரத்தைப் பற்றி வாக்குவாதம் எழுவதில்லை. ஆனால் பாலாற்றங்கரையிலும் உத்திரமேரூர்ப் பக்கத்திலும் டீசல் இஞ்சின், பவர் டில்லர், டிராக்டர் வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர்களில் எத்தனை பேர், இஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய்க்கு இப்படிக் கணக்கு வைக்கின்றனர்? புது இஞ்சின் எண்ணெயை மிதமிஞ்சிக் குடிக்கிறது என்று முறையிடச் சென்றால், விற்பனையாளர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு?" என்பதே. "அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது" என்பது அதற்கு விடையாகாது.

எந்த இஞ்சினும் சிறிது எண்ணெயை எரிக்கவே செய்யும். சிலிண்டர் சுவரில் படரும் எண்ணெயைப் பிஸ்டன் வளையங்கள் வழித்து இறக்குகின்றன; எஞ்சிய படலம் எரிந்து போகிறது. வளையம் தேய்ந்தாலும், கரி பிடித்து அசையாமற் போனாலும், வால்வு கைடு தளர்ந்தாலும் எரியும் அளவு பெருகிப் புகை நீலம் பாரிக்கும். கரும்புகை வேறு, அது டீசல் மிகுதியாலோ காற்றுக் குறைவாலோ வருவது. புகை ஏதுமின்றி எண்ணெய் குறைந்தால் கசிவைத் தேட வேண்டும்.

நமது வயல்வெளியில் இஞ்சினுக்குப் பெரும் பகை புழுதியே. காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாது விட்டால், புழுதி உட்புகுந்து வளையத்தையும் லைனரையும் அரம் போல் அராவிவிடும். கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் இதை எளிதிற் கண்டுகொள்வார். அப்போது உத்தரவாதம் மறுக்கப்பட்டால் குறை கூற இடமில்லை. புது இஞ்சினைப் பாரமின்றி மணிக்கணக்கில் ஓடவிடுவதும் தவறு. சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்து, வளையங்கள் படியாமலே போய்விடும்.

அளக்கும் விதம் எளிது. இஞ்சினைச் சமதரையில் நிறுத்தி, கால் மணி நேரம் பொறுத்து, அளவுக்கம்பியின் மேற்கோடு வரை எண்ணெய் ஊற்றுக. இருபத்தைந்து மணி நேரம் ஓடிய பின், அதே இடத்தில் அதே கோடு வரை அளவுக்குவளையால் ஊற்றி, ஊற்றியதைக் குறித்துக் கொள்க. அந்நேரத்தில் 25 லிட்டர் டீசல் செலவாகி, எண்ணெய் 100 மில்லி குறைந்திருந்தால், அது டீசலில் நூற்றுக்கு 0.4 பங்கு. அனுமதிக்கப்பட்ட அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்து ஒப்பிடலாம். சில வேளை மட்டம் குறைவதற்குப் பதில் உயரும். மகிழ வேண்டாம்! டீசலோ குளிர்விக்கும் நீரோ எண்ணெயில் கலக்கிறது என்பதே பொருள். இஞ்சினை உடனே நிறுத்துக.

இப்படி அளந்து காட்டுவதன் பலனை அமெரிக்காவில் காணலாம். சுபாரு கார்கள் சிலவற்றில் எண்ணெய் மிகுதியாகச் செலவாவதாக உரிமையாளர் பலர் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். 2016-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, அக்குறைக்கான உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் என நீட்டிக்கப்பட்டது. பழுது பார்க்குமுன் எண்ணெய்ச் செலவை அளந்து பார்க்கும் சோதனை நடைபெறும்.

உத்தரவாதக் காலத்தில் இஞ்சினை வெளியாரிடம் கழற்றக் கொடுக்கலாகாது. எண்ணெய் வாங்கிய ரசீதையும், ஒவ்வொரு முறை பழுது பார்த்தபோதும் தரும் ஜாப் கார்டின் நகலையும் பத்திரப்படுத்துக. குறையை வாயால் சொல்வதோடு நில்லாமல், காலாவதிக்கு முன்பே தேதியிட்டு எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுக. எண்ணெய், வடிகட்டி ஆகியவை தேய்மானப் பொருள்கள் என்று பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேருவதில்லை. இதில் பிணங்குவது வீண்.

நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். முதலில் 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். அதனாலும் ஆகாவிடில், மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமில்லை. வாணிபத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார். ஆனால் சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று சட்டம் விளக்குகிறது. சோதித்தாலன்றித் தெரியாத குறையாயின், பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பி அறிக்கை பெற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவோடு இணைக்க வேண்டியவற்றுள் முதலாவது வாங்கிய ரசீது. அடுத்தது, மேற்சொன்ன அளவுகளை எழுதிய அந்தச் சிறு நோட்டுப் புத்தகம்.