பாடுகளின் நடுவே கேட்டலும் கேட்கப்படுதலும்



இம்மாத வேத பாடத்திற்கு எபிரெயர் 5:7,8 ஆகிய இரண்டு வசனங்களை எடுத்துக்கொள்வோம். வேதப் புத்தகத்தைத் திறந்து அவற்றை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டுத் தொடரும்படி வேண்டுகிறோம். இயேசு மாம்சத்தில் இருந்த நாட்களில், மரணத்திலிருந்து தம்மைக் காக்க வல்ல பிதாவை நோக்கி உரத்த குரலில் கண்ணீரோடு மன்றாடினார் என்றும், அந்த மன்றாட்டு கேட்கப்பட்டது என்றும் நிருபத்தின் ஆக்கியோன் எழுதுகிறார். அடுத்த வசனத்தில், குமாரனாக இருந்தும் தாம் அனுபவித்த பாடுகளின் வழியாக அவர் கீழ்ப்படியக் கற்றார் என்கிறார்.

ஆலயத்தில் உட்கார்ந்து வாசித்தால் இவ்வசனங்கள் சுலபமாகக் கடந்து போய்விடும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், இரவு இரண்டு மணிக்கு, துண்டை விரித்துப் படுத்திருக்கும் உறவினர்கள் நடுவே வாசித்தால் ஒரு வார்த்தை முள்ளாகக் குத்தும். கேட்கப்பட்டது என்கிறாரே, எப்படி? கெத்செமனேயில் ஆண்டவர் மூன்று முறை வேண்டினார் (மத்தேயு 26:36-46). பாத்திரம் நீங்கவில்லை. விடிந்ததும் சிலுவை. இது கேட்கப்பட்ட ஜெபம் என்றால், கேட்கப்படாத ஜெபம் எது?

உங்களில் சிலர் இதே கேள்வியை எங்களுக்குக் கடிதமாக எழுதுகிறீர்கள். ஜெபக் குறிப்பில் ஒரு பிள்ளையின் வியாதியைக் கண்டு, வீட்டார் எல்லோருமாக வாரக்கணக்கில் முழங்காலில் நிற்கிறீர்கள். அடுத்த இதழில் அந்தப் பிள்ளை கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி வருகிறது. எங்கள் ஜெபம் என்னவாயிற்று ஐயா என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். அப்படிக் கேட்கிறவர்கள் உண்மையாகவே ஜெபித்தவர்கள்.

கிரேக்க மூலத்தில் ஓர் அழகு உண்டு. ஏழாம் வசனத்தில் கேட்கப்பட்டு என்ற சொல்லுக்கும், எட்டாம் வசனத்தில் கீழ்ப்படிதல் என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே: அக்கூஓ, அதாவது செவிகொடுத்தல். கீழ்ப்படிதலுக்குரிய ஹுப்பக்கொயே என்ற சொல், ஒருவருக்குக் கீழே நின்று அவர் குரலுக்குச் செவிசாய்ப்பதைக் குறிக்கும். இதை விளங்கிக்கொள்ள நமக்குக் கிரேக்கப் பண்டிதர் தேவையில்லை. தமிழில் கேள் என்ற ஒரே வினை எல்லா வேலையும் செய்கிறது. கடன் கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா என்று விசாரிக்கிறோம். வேண்டுவதும் கேட்பதுதான், செவிகொடுப்பதும் கேட்பதுதான், கீழ்ப்படிவதும் கேட்பதுதான். கெத்செமனேயில் நடந்தது இந்த மூன்றும். குமாரன் பிதாவிடம் கேட்டார். பிதா குமாரனைக் கேட்டார். பிறகு குமாரன் பிதாவின் சொல்லைக் கேட்டு எழுந்து போனார். பாத்திரத்தை ஏந்தும் பெலன் அங்கே அருளப்பட்டது. தேவதூதன் வந்து அவரைத் திடப்படுத்தினதாக லூக்கா எழுதுகிறார் (22:43). மூன்றாம் நாளில் கல்லறை திறந்தது. மரணத்தினின்று காக்கும்படி வேண்டிய ஜெபம் மரணத்தின் மறுகரையில் கேட்கப்பட்டது என்றே நாங்கள் இவ்வசனத்தை விளங்கிக்கொள்கிறோம்.

இதை ஒரு குடும்பத்தின் சரித்திரத்தில் பார்ப்போம். வெகு தூரம் போகவேண்டாம். நம் கொங்கு நாட்டின் கிழக்கு ஓரத்தில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற கொல்லிமலைதான் இடம். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் திருமணம் முடிந்து ஏறிப்போனபோது சாலை கிடையாது. ஜெஸ்ஸி முழுப் படிப்புப் படித்த டாக்டர் அல்ல. வெப்பநாட்டு வியாதிகளைப் பற்றிக் கொஞ்சம் பயிற்சி பெற்றவர், அவ்வளவே. அதை வைத்துக்கொண்டு காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், புண்களைக் கழுவிக் கட்டினார். நரம்புச் சிலந்தி என்னும் புழுவைக் காலிலிருந்து சிறு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்தோறும் கொஞ்சமாக வெளியே எடுத்தார். ஆண்டுகள் சென்றன, ஞானஸ்நானம் பெற ஒருவரும் முன்வரவில்லை. முதல் உலகப் போர் முடிகிற சமயம் விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. அதுவரை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் படுத்துவிட்டார். சொந்த ஜனங்களே அண்டப் பயந்த வீட்டுக்குள் இந்தத் தம்பதியர் போய்ப் பணிவிடை செய்தார்கள். அவர் பிழைக்கவில்லை. தமது கைக்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மரித்தார். மலையில் மனங்கள் இளக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பிராண்டு தம்பதியருக்குப் பால் என்ற மகனும் கோனி என்ற மகளும் பிறந்தார்கள். 1923-ல் படிப்பிற்காக இருவரையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அதன்பின் தகப்பனை அவர் பார்க்கவேயில்லை. 1929 ஜூன் மாதத்தில் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி பிராண்டு காலமானார். வயது 44. தந்தி சீக்கிரம் போய்விட்டது; கடிதங்களோ கப்பலில் போக வேண்டும். ஆகவே தகப்பன் மரித்த செய்தி வந்த பிறகும், அவர் தம் கையால் எழுதிய கடிதங்கள் வாரக்கணக்கில் பையனுக்கு வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய பதினைந்து வயதுப் பையன் அவற்றைப் பிரித்து வாசிப்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்திற்காக இங்கிலாந்து சபைகளில் ஜெபித்தவர்கள் இருந்தார்கள். ஊழியருடைய சுகத்திற்காகவும் அவர்கள் ஜெபித்திருப்பார்கள். இன்று எங்களுக்குக் கடிதம் எழுதுகிற உங்கள் இடத்தில்தான் 1929-ல் அவர்கள் நின்றார்கள்.

எவலின் அம்மாள் மலைக்குப் போகும் தரிசனத்தைக் கைவிடவில்லை. பல ஆண்டுகள் மிஷன் அவரைச் சமவெளி ஊழியத்தில் வைத்திருந்தது. 68 வயதில் ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்றவர் ஊருக்குப் போகாமல் சொந்தப் பொறுப்பில் மலை ஏறினார். கொல்லிமலையோடு நிற்காமல், கணவரும் தாமும் ஆரம்ப நாட்களில் ஜெபத்தில் குறித்து வைத்திருந்த பச்சைமலை, கல்வராயன்மலை என்று மற்ற மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போனார். இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்த பின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். டாக்டரான மகன் போதும் என்று சொல்லியும் அம்மாள் இசையவில்லை. 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் காலமாகி, கொல்லிமலையில் கணவரின் கல்லறை அருகே அடக்கம் பண்ணப்பட்டார். அவர்கள் குச்சியில் சுற்றி எடுத்த அந்த நரம்புச் சிலந்தி நோய் இந்தியாவை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000-ல் சான்றளித்தது. கிணற்றுத் தண்ணீரைக் காத்த எத்தனையோ பேருடைய உழைப்பு அதில் இருக்கிறது. மலைமேல் இந்த அம்மாளும் அதற்காகப் பாடுபட்டார்.

மகன் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டு அவர்தான். விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், நரம்பு செத்து வலி தெரியாமல் போனதால்தான் சூட்டிலும் காயத்திலும் விரல்கள் அழிகின்றன என்று அவர் காட்டினார். இரவில் எலி கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. வலி தேவன் தந்த காவல்காரன் என்று டாக்டர் பிராண்டு வாழ்நாள் முழுவதும் போதித்தார்.

இங்கே ஒரு எச்சரிப்பு. தகப்பன் மரித்ததால்தான் மகன் பெரிய டாக்டரானார், ஆகவே கணக்குச் சரியாகிவிட்டது என்று யாரும் பிரசங்கம் பண்ணவேண்டாம். தேவன் அப்படிப் பேரேடு எழுதுகிறவர் அல்ல. வலி ஈவு என்பதும் நரம்பு செத்த கையைப் பார்த்துச் சொல்லப்பட்ட சத்தியம். புற்றுநோயில் துடிக்கிறவரிடம் போய் அதைச் சொல்லக்கூடாது. அவருக்கு முதலில் வலி தணிக்கும் மருந்து வேண்டும். அதைப் பொறுப்போடு கொடுப்பதும் ஊழியமே. பாடுகளுக்கு அர்த்தம் வெளியிலிருந்து ஒருவர் சொல்லி வருவதில்லை. பாடுபடுகிறவர் அதன் நடுவே அடுத்த அடியைக் கீழ்ப்படிந்து எடுத்து வைக்கையில், மெள்ள அவருக்கே தெரியவரும். சிலருக்கு இந்த ஜீவியத்தில் தெரியாமலும் போகலாம்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாருக்கு நடந்ததும் இப்படித்தான். 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அப்போது இளம் டாக்டர். திரும்ப நடக்கவேயில்லை. டாக்டர் பிராண்டின் ஊக்கத்தினால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, தம்மைப்போல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு வேலூரில் மறுவாழ்வுப் பணியை உருவாக்கினார். 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார், 1986-ல் காலமானார். சக்கர நாற்காலியில் இருக்கும் டாக்டர் கட்டிலருகே வந்து நிற்கும்போது நோயாளிக்கு உண்டாகும் நம்பிக்கையை வேறு யார் கொடுக்க முடியும்?

இனி, பரிந்து பேசும் ஜெபத்தைப் பற்றி. மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. படுத்திருந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று அவர் அளந்து பார்க்கவில்லை. இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார்டுக்கு வந்து, உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஊரார் தலையெழுத்து என்கிறார்கள், இவர்கள் விசுவாசக் குறைவு என்கிறார்கள்; படுத்திருக்கிறவருக்கு இரண்டும் ஒரே கல்தான். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகே கெட்டது. முடிவில் அந்தச் சிநேகிதருக்காக ஜெபித்தவர் யோபுதான் (யோபு 42:8-10). பாடுபடுகிறவரே பிறருக்காகப் பரிந்து நிற்கிறார். இதை எங்கள் வார்டுகளில் அடிக்கடி காண்கிறோம். தன் சிறுநீரகம் போய்விட்டது என்று அறிந்த பஞ்சாலைத் தொழிலாளி, பக்கத்துக் கட்டில் பையனுக்காக ஜெபிக்கும்படி எங்களை அழைக்கிறார். அவர் கிறிஸ்தவரும் அல்லர். சாமி, அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க என்பார்.

ஆகவே ஜெபப் பங்காளர்களே, சுகம் கிடைக்கவேண்டும் என்று தைரியமாகக் கேளுங்கள். ஆண்டவரே அப்படித்தான் கேட்டார். இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் பிள்ளைகளையும், பில் கட்டப் பணம் புரட்ட அலையும் குடும்பத்தாரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டபின் சற்று அமர்ந்திருங்கள். கேட்கிறவருக்கும் கட்டளை வரும். ஒரு வீட்டுக்குப் போய்வா என்றோ, ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டு என்றோ வரலாம். ஒரு பெயருக்கு எதிரே நித்திரையடைந்தார் என்ற செய்தி கண்டால், அந்தப் பெயரை அடித்துவிடாதீர்கள். இருகூருக்கோ வெள்ளலூருக்கோ வெறுங்கையோடு திரும்பிய தாய் ஒருத்தி அங்கே இருக்கிறாள். முப்பதாம் நாள் கழிந்து உறவினர் எல்லாரும் போன பின்னும், இன்னும் ஓர் ஆண்டு அவளுக்காக ஜெபியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்