டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்: பேரிங் போகிறதா?

இன்ஜின் அடியில் உறுமல் கேட்கிறதா? முதலில் கிளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம் சந்தேகப்படலாம். மாறாமல், ஆக்ஸிலேட்டர் ஏற ஏற அதுவும் ஏறினால் பெரும்பாலும் கிராங்க் பேரிங்தான். நீள ஸ்குரூடிரைவரின் முனையை கிராங்க் கேஸில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் எந்தப் பக்கம் என்பதும் பிடிபடும்.

இன்ஜினை அணைத்து, மேக்னெட் மூடியைக் கழற்றி, ரோட்டரை மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரியவே கூடாது. சிலிண்டரைக் கழற்றியிருந்தால் கனெக்டிங் ராடையும் நேராக மேலே இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவது இயல்பு. மேல்-கீழ் ஆட்டம் இருந்தால் பிக் எண்ட் பேரிங் முடிந்தது.

கியர் ஆயில் சுத்தமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை தனி. உதிரும் இரும்புத்தூள் பெட்ரோல் கலவையோடு மேலே போய் பிஸ்டனைத்தான் கீறும். வெள்ளைப் புகையும் கியர் ஆயில் குறைவும் சேர்ந்து வந்தால் கிளட்ச் பக்க ஆயில் சீலைப் பாருங்கள். ஆடும் பேரிங் அதையும் தின்றிருக்கும்.

கேஸைப் பிரித்தபின் ஒரு பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். இரண்டு பக்கப் பேரிங்குகளையும் சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.